காசைத் திருப்பிக் கேட்கும் வாடிக்கையாளர்

கடந்த மாதம் ஒரு வியாழக்கிழமை, மஃரிபுக்குப் பின் கடையை மூடிக்கொண்டிருந்த நேரம், மருதமுனையிலிருந்து ஒரு சகோதரர் தொலைபேசியில் பேசினார். இந்தப் பக்கத்தைத் தவறாமல் வாசிப்பவராம். வீட்டோடு நான்கு தறி வைத்து கைத்தறிச் சேலையும் சாரமும் நெய்கிறார். பரம்பரைத் தொழில். மூன்று வருடமாக மகனின் உதவியோடு பேஸ்புக்கில் படம் போட்டு, கூரியரில் நாடு முழுவதற்கும் அனுப்பி வருகிறார். அன்று அவருக்கு வந்திருந்த தலையிடி இதுதான். கொழும்புப் பக்கத்துப் பெண்மணி ஒருவர் 9,500 ரூபாவுக்கு ஒரு சேலை வாங்கியிருக்கிறார். பொதியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "படத்தில் இருந்தது மெரூன், வந்திருப்பது செங்கல் நிறம். முழுக் காசையும் இன்றைக்கே அனுப்புங்கள். இல்லாவிட்டால் எல்லாக் குரூப்பிலும் உங்கள் பெயரைப் போடுவேன்" என்று வட்ஸ்அப்பில் எழுதிவிட்டார்.

"என்ன நாநா செய்யிற? காசக் குடுக்கிறதா, உடுறதா? நான் ஒருத்தரையும் ஏமாத்தல்ல" என்றார். குரலில் கோபத்தை விட வேதனைதான் கூடுதலாக இருந்தது.

நான் அவரிடம் மூன்று விடயம் கேட்டேன். படத்தை எங்கே வைத்து எடுத்தீர்கள்? படத்துக்குக் கீழே நிறத்தைப் பற்றி என்ன எழுதினீர்கள்? அனுப்புவதற்கு முன் அந்தச் சேலையையே படம் பிடித்து வைத்தீர்களா? படம் இரவில், வீட்டுக்குள், டியூப் லைட் வெளிச்சத்தில் எடுத்ததாம். கீழே எழுதியது விலையும் தொலைபேசி இலக்கமும் மட்டும். மூன்றாவது கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. படத்தில் இருந்தது முதலில் நெய்த சேலை. அனுப்பியது அதே டிசைனில் பிறகு நெய்தது. நூலுக்குச் சாயம் போட்டதும் வேறு நாளில்.

அவருடைய விவகாரம் எப்படி முடிந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இன்று நம்மவர்களில் எத்தனையோ பேர் இணையத்தில் விற்கிறார்கள். செருப்பு, அபாயா, அத்தர், போன் கவர், பேரீச்சம்பழம் என்று விற்காத சாமான் இல்லை. எப்படி விற்பது என்று சொல்லிக்கொடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். விற்ற சாமான் திரும்பி வரும்போது என்ன செய்வது என்று சொல்லித்தரத்தான் ஆள் இல்லை. நான் படித்துப் பட்டம் பெற்றவன் அல்ல. கையைச் சுட்டுக்கொண்டு கற்றதைத்தான் எழுதுகிறேன்.

புறக்கோட்டையில் முப்பது வருடத்துக்கு மேலாகப் புடவைக் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வரும் வாடிக்கையாளர் புடவையைத் தொட்டுப் பார்ப்பார், கசக்கிப் பார்ப்பார், வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் விரித்துப் பார்ப்பார். பக்கத்துக் கடையிலும் விலை கேட்டுவிட்டுத் திரும்பி வருவார். அவ்வளவும் பார்த்துத்தான் காசு கொடுப்பார். சண்டை வந்தாலும் மேசைக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவருமாகப் பேசி, ஒரு பிளேன் டீயோடு முடித்துவிடுவோம். 2020 மார்ச் 20 ஆம் திகதி ஊரடங்குச் சட்டம் போட்டார்கள். கடை பூட்டிக் கிடந்தது, சாமான் ராக்கையில் கிடந்தது, செக் மட்டும் திகதிக்கு வந்துகொண்டிருந்தது. அப்போதுதான் என் மகள், "வாப்பா, போட்டோ பிடித்துப் போடுவோம்" என்று ஆரம்பித்தாள். சாமான் போனது உண்மை. ஆனால் வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பார்க்கும் அந்த வேலையை வாடிக்கையாளரால் செய்ய முடியவில்லை. அதை நாம்தான் அவருக்காகச் செய்ய வேண்டும் என்பது எனக்குப் புரிய ஒரு வருடம் பிடித்தது.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. நமது நாட்டில் 1896 ஆம் ஆண்டிலிருந்து பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் ஒன்று இருக்கிறது. ஒரு பொருளை இன்னதென்று விபரித்து விற்றால், கொடுக்கும் பொருள் அந்த விபரத்துக்கு ஒத்திருக்க வேண்டும் என்பது அதில் உள்ள விதி. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்தான். ஆனால் இன்றைய பேஸ்புக் வியாபாரத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருக்கிறது. நீங்கள் போட்ட படமும் எழுதிய நாலு வரியும்தான் உங்கள் விபரம். வாடிக்கையாளர் வாங்கியது அதைத்தான்.

இனி விடயத்துக்கு வருவோம். காசைத் திருப்பிக் கேட்டு ஒருவர் வந்தால், கொடுப்பதா இல்லையா என்று யோசிக்கும் முன், அவர் எந்த வகை ஆள் என்று தீர்மானிக்க வேண்டும். என் அனுபவத்தில் மூன்று வகைதான். ஒருவர் உண்மையிலேயே குறையுள்ள பொருளைப் பெற்றவர். மற்றவர் பொருளில் குறை இல்லை, மனம் மாறிவிட்டது என்பவர். மூன்றாமவர் ஏமாற்ற வந்தவர். முதலாமவருக்கு இருப்பது உரிமை. இரண்டாமவர் கேட்பது தயவு. மார்க்கமும் இந்த இரண்டையும் வேறு வேறாகத்தான் வைத்திருக்கிறது. பொருளில் ஐபு இருந்தால் திருப்பிக் கொடுப்பது வாங்கியவரின் உரிமை. மனம் மாறியவருக்காக விற்பனையை இரத்துச் செய்து கொடுப்பது இகாலா. அது விற்றவர் மீது கடமையல்ல, செய்தால் நன்மை. நம்மில் பலர் செய்யும் பிழை, மூன்று பேரையும் மூன்றாமவராகவே நினைத்துப் பேசத் தொடங்குவதுதான்.

நானும் அப்படித்தான் ஒரு முறை பிடிபட்டேன். 2021 இல் பதுளைப் பக்கத்து ஆசிரியை ஒருவர் எங்களிடம் 6,800 ரூபாவுக்குக் கறுப்பு அபாயா ஒன்று வாங்கினார். இரண்டாம் நாள் செய்தி வந்தது. "இது கறுப்பு அல்ல, கடும் நீலம். பாடசாலைக்குக் கறுப்புத்தான் வேண்டும், மாற்றித் தாருங்கள்." அதே வாரத்தில்தான் ஒருத்தி என்னை ஏமாற்றியிருந்தாள். அந்தக் கடுப்பு எனக்குள் இருந்தது. "முப்பது வருடமாகப் புடவை விற்கிறேன், கறுப்புக்கும் நீலத்துக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியாதா?" என்று குரல் பதிவொன்றை அனுப்பினேன். அவர் மறுபடியும் மரியாதையாகவே எழுதினார். நான் பதில் போடவில்லை.

நாலாம் நாள் ஒரு பகல், கடைக்கு வந்த வாடிக்கையாளருக்குக் காட்ட அதே கட்டிலிருந்து ஓர் அபாயாவை வாசலுக்குக் கொண்டுபோனேன். வெயிலில் விரித்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. கடும் நீலம்! கட்டை முழுதாக அவிழ்த்துப் பார்த்தால் இருபத்து நான்கில் ஒன்பது நீலம். கடைக்குள் இருக்கும் வெளிச்சத்தில் இரண்டையும் பிரித்தறிய முடியாது. தந்தவர் கலந்து தந்திருக்கிறார், நான் பார்க்காமல் எடுத்திருக்கிறேன். அதற்குள் அந்த ஆசிரியையின் தங்கை என் குரல் பதிவை ஒரு பெண்கள் குரூப்பில் போட்டுவிட்டாள். அந்த வாரம் மட்டும் பதினொரு ஓடர் இரத்தானது. நான் ஆசிரியைக்குத் தொலைபேசி எடுத்து மன்னிப்புக் கேட்டேன். கறுப்பு அபாயாவையும் அனுப்பி, முன்னர் எடுத்த கூரியர் காசையும் திருப்பிக் கொடுத்தேன். அவர் ஏற்றுக்கொண்டார். ஆனால் அந்தக் குரல் பதிவு இன்னும் யாருடைய போனிலாவது இருக்கும்.

அன்றிலிருந்து என் வீட்டில் ஒரு சட்டம். முறைப்பாட்டுக்கு நான் குரல் பதிவு அனுப்புவதில்லை, எழுத்தில்தான் பதில். அதுவும் இஷாவுக்குப் பிறகு எழுதுவதில்லை. களைத்துப்போன நேரத்தில் எழுதும் பதிலைக் காலையில் வாசித்தால் நமக்கே வெட்கமாக இருக்கும். ஆனால் பதில் போடாமல் விடவும் கூடாது. பதில் வராத நேரத்தில்தான் வாடிக்கையாளரின் மனதில் "கள்ளன்" என்ற சொல் வருகிறது. எனவே முதல் செய்தியை உடனே போட்டுவிடுவோம். அதில் சரி பிழை எதுவும் இருக்காது. மகள் போனில் தயாராக வைத்திருக்கும் வாசகம் இதுதான்: "உங்கள் செய்தி கிடைத்தது, சிரமத்துக்கு வருந்துகிறோம். பொருளை ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில் வைத்து இரண்டு படமும், பொதியின் வெளிப்பக்கம் ஒரு படமும் அனுப்புங்கள். நாளை பகல் 12 மணிக்கு முன் எங்கள் முடிவைச் சொல்கிறோம்." பாதிச் சூடு அதிலேயே ஆறிவிடும். பன்னிரண்டு மணி என்று சொன்னால் பதினொன்றரைக்குப் பதில் போக வேண்டும். அதுதான் முக்கியம்.

படம் கேட்பதில் இன்னொரு பயனும் உண்டு. உண்மையான குறை உள்ளவர் பத்து நிமிடத்தில் படம் அனுப்பிவிடுவார். மனம் மாறியவர் கொஞ்சம் சுற்றி வளைத்துப் பேசி, கடைசியில் "அளவு சரிதான், ஆனால் உம்மாவுக்குப் பிடிக்கவில்லை" என்பார். ஏமாற்ற வந்தவரோ படம் அனுப்பாமல், காசைப் பற்றியே பேசுவார். எல்லா நேரமும் இது சரியாக வரும் என்று சொல்லமாட்டேன். ஆனால் பெரும்பாலும் வந்திருக்கிறது.

குறை நம்முடையது என்று தெரிந்தால் பேரம் பேசாதீர்கள். மாற்றித் தருவதா, காசா என்று அவரையே தெரிவு செய்யச் சொல்லுங்கள். திருப்பி அனுப்பும் கூரியர் செலவையும் நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். 400 ரூபாவை மிச்சம் பிடிக்கப்போய் 40,000 ரூபா வியாபாரத்தை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். காசை வங்கிக்கு அனுப்பினால், வாங்கியவரின் சொந்தப் பெயரில் உள்ள கணக்குக்கே அனுப்பி, பற்றுச்சீட்டின் படத்தை அவருக்கும் போட்டு, நம்மிடமும் வைத்துக்கொள்ள வேண்டும்.

மனம் மாறியவர் விடயத்தில் விற்கும்போதே நிபந்தனையை எழுதிவிட வேண்டும். நாங்கள் எழுதுவது: பொருள் கிடைத்து 5 நாளுக்குள், அணியாமல், லேபல் அகற்றாமல் அனுப்பினால் வேறு பொருள் எடுக்கலாம், கூரியர் செலவு வாங்கியவருடையது. சண்டை வந்த பிறகு நிபந்தனை சொன்னால் அது நிபந்தனையல்ல, சாட்டு. அதேநேரம் எழுதிய நிபந்தனையைப் பிடித்துக்கொண்டு தொங்கவும் கூடாது. 5 நாள் என்று எழுதியிருந்து ஏழாம் நாள் ஒருவர் கேட்டால், பொருள் புதிதாக இருந்தால் நான் எடுத்துக்கொள்கிறேன். சாமான் எனக்கு மீண்டும் விற்கும். ஆனால் குறையுள்ள பொருளுக்கு இந்த நிபந்தனையைக் காட்டித் தப்ப நினைக்காதீர்கள். "விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படமாட்டாது" என்று பில்லில் அச்சடித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கும் முதலாளிமார் இன்னும் இருக்கிறார்கள்.

அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு, பொருள் வாங்கி மூன்று மாதத்துக்குள் வாடிக்கையாளர் எழுத்து மூலம் முறைப்பாடு செய்யலாம். விசாரித்துப் பார்த்து, பிழை வியாபாரியுடையது என்று கண்டால், பொருளை மாற்றிக் கொடுக்கவோ காசைத் திருப்பிக் கொடுக்கவோ நட்டஈடு கொடுக்கவோ அதிகார சபை உத்தரவிடலாம். 1977 என்ற இலக்கம் இப்போது எல்லோருக்கும் தெரியும். ஆகவே "போய் எங்கே வேண்டுமானாலும் சொல்லு" என்று வாயை விடாதீர்கள். போய்ச் சொல்வார்கள். அங்கே உங்கள் கையில் இருக்க வேண்டியது கோபமல்ல, கடதாசி. அந்தக் கடதாசி போனில் இருந்தாலும் பரவாயில்லை. 2006 ஆம் ஆண்டின் இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் இலத்திரனியல் பதிவுகளையும் சாட்சியமாக ஏற்க இடம் தருகிறது. உங்கள் வட்ஸ்அப் செய்தி உங்களுக்கும் சாட்சி, உங்களுக்கு எதிராகவும் சாட்சி. கதையை அழித்துவிடும் பழக்கம் உள்ளவர்கள் இன்றோடு விட்டுவிடுங்கள்.

இனி மூன்றாமவர். என்னை ஏமாற்றியவள் என்று மேலே சொன்னேனே, அவள் வெள்ளிக்கிழமை ஒரு கல்யாண உடுப்பைக் கூரியரில் பெற்றாள். 18,500 ரூபா. திங்கட்கிழமை "அளவு சரியில்லை" என்று திருப்பி அனுப்பினாள். பொதியைத் திறந்ததும் அத்தர் மணம். கைப்பக்கத்தில் புரியாணி எண்ணெய். சனிக்கிழமை எங்கேயோ கல்யாணம், அது முடிந்ததும் என் உடுப்பு எனக்கே வந்துவிட்டது! அணிந்த உடுப்பு என்று நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. அனுப்பும்போது எண்ணெய் இல்லை என்பதற்கு என்ன அத்தாட்சி? பாதிக் காசைக் கொடுத்துத் தலைமுழுகினேன். அன்றே மகள் ஒரு வேலை செய்தாள். விலை கூடிய உடுப்புகளின் முன்பக்கத்தில், கழுத்துக்குக் கீழே, எல்லோருக்கும் தெரியும் இடத்தில் பெரிய அட்டையொன்றைத் தைத்துவிட்டாள். அட்டையோடு கல்யாண வீட்டுக்குப் போக முடியாது. அட்டையை வெட்டினால் திருப்ப முடியாது. அதற்குப் பிறகு அந்த மாதிரித் திருட்டு எங்களுக்கு வரவே இல்லை.

பொதி செய்யும் மேசைக்கு மேலே இப்போது ஒரு பழைய போனைக் கம்பியில் கட்டி வைத்திருக்கிறோம். பொருளை விரித்துக் காட்டி, ஓடர் இலக்கம் எழுதிய துண்டை வைத்து, தராசில் நிறுத்து, டேப் ஒட்டும் வரை வீடியோ ஓடும். ஒரு பொதிக்கு ஒரு நிமிடம் போகாது. மூன்று மாதம் வைத்திருந்துவிட்டு அழிக்கிறோம். நிறைதான் மிகப் பெரிய சாட்சி. "இரண்டு அபாயாவுக்குக் காசு கொடுத்தேன், ஒன்றுதான் வந்தது" என்று ஒருவர் சொன்னார். கூரியர் சீட்டில் 1.4 கிலோ என்று இருந்தது. எங்கள் அபாயா ஒன்று, ஷோலோடு சேர்த்து 700 கிராம். சீட்டின் படத்தை அனுப்பினேன். ஆனாலும் அவரைப் பொய்யர் என்று எழுதவில்லை, பொதியின் வெளிப்பக்கப் படத்தைக் கேட்டேன். படத்தைப் பார்த்தால் டேப் நம்முடையது அல்ல! வழியில் யாரோ வெட்டி எடுத்துவிட்டு வேறு டேப் ஒட்டியிருக்கிறார்கள். வாடிக்கையாளரும் பொய் சொல்லவில்லை, நானும் பொய் சொல்லவில்லை. கூரியர் கம்பனியோடு ஒரு மாதம் இழுபட்டு அந்தக் காசை எடுத்தேன். இப்போது கடைப் பெயர் அச்சடித்த டேப்தான் பாவிக்கிறோம்.

பொருள் கிடைத்ததும் காசு கொடுக்கும் சீ.ஓ.டி. முறையில் வேறொரு தொல்லை. காசைத் திருப்பிக் கேட்பதில்லை, பொதியையே எடுப்பதில்லை. இரவில் படுத்துக்கொண்டு ஓடர் போடுவார், மூன்று நாள் கழித்துக் கூரியர்காரர் அழைத்தால் போன் தூக்கமாட்டார். கணக்கைப் பாருங்கள். ஒரு சட்டையில் எனக்கு இலாபம் 600 ரூபா. எடுக்காமல் திரும்பி வந்தால் கூரியர் 450, பை, டேப் 50, ஆக 500 ரூபா நட்டம். பத்துச் சட்டை அனுப்பி மூன்று திரும்பினால், ஏழில் வந்த 4,200 இல் 1,500 போய்விடும். மிச்சம் 2,700. பத்து நாள் சாமான் ரோட்டில் சுற்றியது வேறு. ஆகவே ஓடர் வந்ததும் மகள் ஒரு அழைப்பு எடுத்து, நிறம், அளவு, விலாசம், வீட்டில் ஆள் இருக்கும் நேரம் எல்லாம் கேட்பாள். அழைப்புக்குப் பதில் இல்லை என்றால் பொதி போகாது. புதியவர் என்றால் கூரியர் காசை மட்டும் முற்பணமாகக் கேட்கிறோம். ஓடர் கொஞ்சம் குறைந்தது, திரும்பி வருவது நிறையக் குறைந்தது.

இன்னொரு திருட்டையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது காசைத் திருப்பிக் கேட்கும் உருவத்திலேயே வருகிறது. 28,000 ரூபாவுக்குச் சாமான் எடுத்தவர், 58,000 ரூபா வைப்பிலிட்ட சீட்டின் படத்தை அனுப்பி, "கணக்கில் தவறுதலாகக் கூடுதலாகப் போட்டுவிட்டேன், 30,000 ஐ அனுப்பிவிடுங்கள், ஆஸ்பத்திரியில் நிற்கிறேன்" என்பார். சீட்டு போலியாக இருக்கலாம், அல்லது போட்டது காசில்லாத கணக்கின் செக்காக இருக்கலாம். சீட்டின் படம் காசல்ல. வங்கிக் கணக்கைப் பார்த்து, செக் என்றால் கிளியர் ஆன பிறகுதான் சாமானும் போக வேண்டும், மிகுதியும் போக வேண்டும். ஆஸ்பத்திரி என்று சொன்னால் நம்மவர்களின் மனம் இளகிவிடும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

வெளிநாட்டுத் தளங்களில் விற்பவர்களின் நிலை வேறு. என் மச்சான் ஒருவர் பேருவளை சீனக்கோட்டையில் மாணிக்க வியாபாரம் செய்கிறார், ஈபேயில் சில்லறையாகக் கல் விற்கிறார். அங்கே நடுவர் நாமல்ல, தளம். பொருள் விபரத்துக்கு ஒத்துவரவில்லை என்று வாங்கியவர் முறைப்பாடு செய்தால், நாம் மூன்று வேலை நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். விட்டால் தளமே தலையிட்டு முடிவு செய்துவிடும். திருப்பி அனுப்பும் தபால் செலவும் நம் தலையில்தான். 2008 முதல் ஈபேயில் விற்பவர் வாங்கியவருக்குக் கெட்ட மதிப்பீடு போடவும் முடியாது. பேபால் மூலம் காசு கொடுத்தவருக்கு, கொடுத்த நாளிலிருந்து 180 நாள் வரை பிணக்கு எழுப்ப அவகாசம் உண்டு. அதாவது ஆறு மாதத்துக்கு அந்தக் காசை முழுவதும் உங்கள் காசென்று நினைத்து முதலிட்டுவிடாதீர்கள். சாமான் கிடைக்கவில்லை என்ற முறைப்பாட்டுக்கு ஒரே மருந்து, போய்ச் சேர்ந்ததைக் காட்டும் தபால் இலக்கம். 750 டொலரும் அதற்கு மேலும் என்றால் பெற்றவரின் கையெழுத்தும் வேண்டும். செலவு கூடுதல் என்று சாதாரணத் தபாலில் போட்டுவிட்டு அல்லாஹ் காப்பான் என்றிருப்பது தவக்குல் அல்ல, ஒட்டகத்தைக் கட்டாமல் விடுவது.

மச்சானுக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். 2.14 கரட் நீலக்கல் ஒன்றை வெளிநாட்டு ஆள் ஒருவருக்கு விற்றார். இரண்டு வாரம் கழித்து "நிறம் வெளிறியிருக்கிறது" என்று அந்த ஆள் கல்லைத் திருப்பி அனுப்பினார். வந்தது நீலக்கல்தான், வடிவமும் அதேதான், ஆனால் தராசில் 2.09 கரட். கண்ணாடியில் பார்த்தால் உள்ளே இருக்கும் கோடுகள் வேறு. ஒரு கல்லுக்குள் இருக்கும் கோடும் புள்ளியும் மனிதனின் கைரேகை போல, இரண்டு கல்லுக்கு ஒன்றாக இருக்காது. மச்சான் பழைய ஆள், அனுப்பும் முன் ஒவ்வொரு கல்லையும் நிறுத்து, நீள அகலத்தை மில்லிமீட்டரில் அளந்து, உள்ளே இருக்கும் அடையாளத்தைப் பெரிதாக்கிப் படம் பிடித்து வைப்பவர். அந்தப் படங்களை அனுப்பி வாதாடினார். முடிவு அவருக்குச் சாதகமாக வந்தது. ஆனால் ஐந்து வாரம் காசு முடங்கிக் கிடந்தது. அவர் கல்லைப் பற்றி எழுதும்போது சூடு காட்டிய கல் என்றால் சூடு காட்டியது என்றே எழுதுவார். "எழுதினால் விலை குறையும்தான். எழுதாவிட்டால் கல்லும் திரும்பி வரும், பெயரும் போகும்" என்பார்.

பகிரங்கமாக உங்களைத் திட்டி எழுதுபவருக்கு என்ன செய்வது என்றும் பலர் கேட்கிறார்கள். ஒரு முறை மட்டும், மூன்று வரியில் பதில் எழுதுங்கள். வாங்கிய திகதி, நீங்கள் தர முன்வந்த தீர்வு, தொலைபேசி இலக்கம். அவ்வளவுதான். மச்சினன், மருமகன், கடைப் பொடியன் எல்லோரையும் இறக்கி விட்டு அந்த ஆளைத் திருப்பித் திட்டவைப்பது படுமுட்டாள்தனம். பார்ப்பவர்கள் யார் சரி என்று பார்ப்பதில்லை, யாரோடு வியாபாரம் செய்தால் தலையிடி வராது என்றுதான் பார்க்கிறார்கள்.

மருதமுனைச் சகோதரரின் விடயத்துக்கு வருகிறேன். அன்றிரவு ஒரு பதிலும் எழுத வேண்டாம், கிடைத்தது என்று மட்டும் போடுங்கள் என்றேன். காலையில் அந்தப் பெண்மணியிடம் பகல் வெளிச்சத்தில் ஒரு படம் கேட்டார். படம் வந்தது. தன்னிடம் மிச்சமிருந்த அதே நூலை வாசலில் வைத்துப் பார்த்தார். பெண்மணி சொன்னது சரி, செங்கல் நிறம்தான். "நான் மெரூன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன் நாநா. ராவையில வேல செய்யிற கண்ணுக்கு எல்லாம் மெரூன்தான்" என்றார். மாற்றித் தரவா, காசைத் தரவா என்று கேட்டு எழுதினார். அந்தப் பெண்மணி காசைத்தான் கேட்டார். 9,500 உம் திருப்பி அனுப்பும் செலவும் அன்றே போனது. மிரட்டியவர் குரூப்பில் ஒன்றும் போடவில்லை. நன்றி என்று ஒரு சொல்லும் எழுதவில்லை, அது வேறு விடயம்.

சேலை திரும்பி வந்ததும் அதை முற்றத்தில் கொடியில் போட்டு, காலை ஒன்பது மணி வெயிலில் படம் பிடித்து, கீழே "செங்கல் நிறம், கைத்தறி, முதல் சலவையில் சாயம் கொஞ்சம் இறங்கும், தனியாகத் துவைக்கவும்" என்று எழுதிப் போட்டாராம். நாலாம் நாள் நிந்தவூரிலிருந்து ஒருவர் எடுத்துவிட்டார். விலையும் குறைக்கவில்லை.